நடுச்சுவருக்குள் கரையான்

நான்காம் வகுப்பு படிக்கும்போது என் சமூக அறிவியல் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. டீச்சரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த வாரத்தில் ஏற்கெனவே ஒருவனுடைய நோட்டை ஆடு தின்றிருந்தது, இன்னொருத்தியுடையது ஓடையில் போயிருந்தது. அதனால் மறுநாள் புத்தகத்தையே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். மேலட்டை அப்படியே பளபளவென்று இருந்தது. டீச்சர் பிரித்தார். பாதிப் புத்தகத்துக்குத் தாளே இல்லை, மண்தான் இருந்தது. அந்த மண்ணிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கரையான்கள் இறங்கி வருகைப் பதிவேட்டைப் பார்த்து நடந்தன. புத்தகம் போனதற்கு எனக்குத் தண்டனை கிடையாது. கரையானைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்ததற்காக மத்தியானம் வரை வராண்டாவில் நின்றேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில், பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் உள்ளே நடக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. கோடையில் தரை வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் என் கை முழங்கை வரைக்கும் போகும். ஐப்பசியில் மழை விழுந்ததும் அதே மண் பசையாகிவிடும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். கோடை முழுக்க வெடிப்புக்குள் குளிர்ச்சியாக இருந்த கரையான்கள், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியதும் நனையாத இடம் தேடி வீட்டுக்குள் ஏறும். எல்லா வீட்டிலும் ஏறும். ஆனால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஏறியதுபோல வேறெங்கும் ஏறவில்லை. அதற்குக் காரணம் எங்கள் நடுச்சுவர்.

அந்தச் சுவருக்குக் காரணம் நான். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என் காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்தபோது அம்மாவின் அண்ணன் தம்பிமார் பெயர்களெல்லாம் பெரிய எழுத்தில் வந்துவிட்டன. பெரியப்பாவின் பெயர் கீழே, சாமியானா பந்தல்காரர் பெயருக்கு மேலே, சின்ன எழுத்தில் இருந்தது. அச்சகத்தில் செய்த தவறு என்று அப்பா சொன்னார். அச்சகத்துக்காரனுக்கு நான் யாரென்று தெரியாது, உனக்குமா தெரியாது என்று பெரியப்பா கேட்டார். கிடா வெட்டிச் சமைத்த அன்று பெரியப்பா வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. பத்து நாளில் வீடு இரண்டானது.

தாத்தா கட்டிய ஒரே நீளமான ஓட்டு வீடு அது. இந்தக் கோடிச் சுவரிலிருந்து அந்தக் கோடிச் சுவர் வரைக்கும் கூரையைத் தாங்கி ஒரே உத்தரம் ஓடும். நடுவில் அதற்கு ஒரு மரத்தூண். அந்தத் தூணை நடுவில் வைத்துச் சுவரை எழுப்பினார்கள். அவசரத்துக்குச் செங்கல் கிடைக்கவில்லை. அந்த வருஷம் பஞ்சு எடுத்துவிட்டுப் பிடுங்கிப் போட்ட பருத்திமார் களத்தில் மலைபோலக் கிடந்தது. அதைப் படலாகக் கட்டி நிறுத்தி, இரண்டு பக்கமும் மண்ணைக் குழைத்து அப்பினார்கள். இந்தப் பக்கம் அப்பா அப்பினார், அந்தப் பக்கம் பெரியப்பா அப்பினார். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். காய்ந்த பருத்திமாரும் பழைய மரமும் வைத்து, மேலே ஈர மண்ணும் பூசிக் கொடுத்தால் கரையானுக்கு வேறென்ன வேண்டும்?

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போயிருந்தது. பெரியப்பா மகள் ஆறாம் வகுப்பில் படித்தாள்; எனக்கு அக்கா முறை. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். ஊருக்குள் நுழைந்ததும் அவள் பத்தடி முன்னால் போய்விடுவாள். இப்படி நடந்துகொள்ளும்படி எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

புத்தகம் போன அன்றைக்கு அம்மா வீட்டைப் புரட்டினாள். அரிசி மூட்டைக்கு அடியில், உளுந்து விதை வைத்திருந்த சாக்கில், சாமி படத்துக்குப் பின்னால் எங்கே பார்த்தாலும் மண் கோடுகள். எல்லாம் நடுச்சுவரிலிருந்துதான் கிளம்பின. அம்மா முதலில் மஞ்சளும் பெருங்காயமும் கரைத்து ஊற்றினாள். கரையான் ஒருநாள் இருந்து யோசித்துவிட்டு வேறு வழியாக வந்தது. பிறகு வேப்பம்புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினாள். குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்த என் மாமா ஒரு மூட்டை உப்பைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். அதைச் சுவரோரமாகக் கொட்டினோம். மழை ஈரத்தில் உப்புத்தான் கரைந்தது. கடைசியில் அப்பா டிராக்டர் பட்டறையிலிருந்து ஒரு கேன் கழிவு ஆயில் வாங்கிவந்து சுவரின் அடியில் ஊற்றினார். வீடு முழுக்க லாரிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல மணந்தது. சாப்பாட்டிலும் அந்த மணம். ஆனால் கரையான் நின்றுவிட்டது. நான்கு நாள் ஒரு கோடுகூட இல்லை.

ஐந்தாம் நாள் பெரியம்மாவின் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. பெரியம்மா கோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? நாலு நாளா நம்ம வீட்டுப் பெட்டியெல்லாம் அரிக்கி. எங்கிருந்து வருது? அங்கன ஆயில ஊத்தி இங்கன விரட்டி விட்டுட்டாவ. நல்லா இருக்கட்டும்!"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் வீட்டில் கோழி கிடையாது. அப்பாவின் பட்டன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஆமா தம்பி, நாங்க எங்க வீட்டுக்குத்தான் மருந்து ஊத்துதோம். கரையானு எங்க போவுதுன்னு அதுட்ட அட்ரஸா கேக்க முடியும்? வேணும்னா அவியளும் ஊத்த வேண்டியதுதான!"

மறுமுனையில் மாமா இருப்பதாகத்தான் நானும் நினைத்தேன். போனை வாங்கி "மாமா, உப்பு கரைஞ்சிட்டு" என்றேன். ஒரு சத்தமும் இல்லை. அம்மா என் தலையில் ஒன்று வைத்தாள்.

பெரியம்மா அந்தப் பக்கம் ஊற்றினாள். உரக்கடையில் வாங்கிய ஏதோ பொடியைக் கரைத்து ஊற்றியதாக அக்கா பள்ளிக்கூடத்தில் சொன்னாள். இரண்டே நாளில் கரையான் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. நாங்கள் மறுபடி ஆயில் ஊற்றினோம். அது மறுபடி அங்கே போனது. அந்தக் கார்த்திகையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் தடையில்லாமல் போய்வந்தது கரையான் மட்டும்தான். போகிற இடத்திலெல்லாம் கொஞ்சம் தின்றது.

பிறகு ஒருநாள் பகல் முழுக்க மழை பெய்து, பொழுது சாய வெறித்து நின்றது. அம்மா அப்போதுதான் விளக்குப் போட்டாள். நடுச்சுவரில், என் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பொட்டு மண் உதிர்ந்தது. அங்கிருந்து ஒரு ஈசல் தலையை நீட்டியது. பின்னாலேயே இன்னொன்று. ஒரு நிமிஷத்தில் சுவரே பிளந்து பறப்பதுபோல ஈசல் கொட்டியது. விளக்கு மறைந்துவிட்டது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் தண்ணீர்ச் சட்டியை விளக்குக்கு அடியில் வைத்தேன். அந்தப் பக்கமும் அக்கா கத்துவது கேட்டது: "அம்மா, இங்க பாரேன், எம்புட்டு ஈசலு!" இரண்டு வீட்டிலும் சட்டி நிறைந்தது. இறகை உதிர்த்து, வறுத்து, பொரியரிசியில் கலந்து தின்றோம். அந்தப் பக்கமும் அதே வாசனை வந்தது. கரையான் எங்களைத் தின்றதற்கு அன்று ஒருநாள் நாங்களும் அதைத் தின்றோம். இது எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. ஈசலும் கரையானும் ஒரே கூட்டுப் பிள்ளைகள் என்று அப்போது தெரியாது.

அப்பாவுக்குத் தெரியும். அவர் சாப்பிடவில்லை. கடப்பாரையின் கொண்டையால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் பானையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. தூண் இருந்த இடத்தில் தட்டியபோது பானைச் சத்தம்கூட இல்லை. கடப்பாரை உள்ளே போய்விட்டது.

"கூடு வெளிய இல்ல. இதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

"அப்ப தூணு?" என்றாள் அம்மா.

அப்பா உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அது நடுவில் கொஞ்சம் தாழ்ந்து, சிரிக்கிற வாய்போல இருந்தது.

"உங்க அண்ணன்ட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. ரெண்டு வீடும் சேந்துதான விழும்."

"அவருக்குக் கண்ணு இல்லையா? அவருக்கும் அங்கன தெரியத்தான செய்யும். வந்து கேக்கட்டும்."

பெரியப்பாவும் அந்தப் பக்கம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அக்கா மூலம் அறிந்தேன். அப்படியே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் சனிக்கிழமை. காலையிலிருந்தே விடாத மழை. ஓடு நனைந்து கனத்துக்கொண்டே வந்தது. மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மேலே ஒரு சத்தம் கேட்டது. யாரோ விரலைச் சொடுக்கியதுபோல. அம்மா என்னைத் தூக்கி வாசல் பக்கம் நிறுத்தினாள். எனக்குச் சாப்பாட்டுத் தட்டு உள்ளேயே இருந்ததுதான் கவலை.

அப்பா ஆட்டுக்கொட்டகைக்காக வைத்திருந்த பனங்கம்பு ஒன்றை இழுத்துவந்தார். உத்தரத்துக்கு அடியில் முட்டாகக் கொடுத்து, கீழே ஆப்பை வைத்து சுத்தியலால் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் உத்தரம் கொஞ்சம் மேலே போனது. ஐந்தாவது அடியில் அந்தப் பக்கம் ஓடுகள் சடசடவென்று விழுந்தன. அதோடு ஒரு குரலும் வந்தது.

"ஏலே! ஏலே! தூக்காத! இங்கன ஓடு பூரா சரியுதுலே!"

அப்பா சுத்தியலை ஓங்கியபடி நின்றுவிட்டார். அந்தக் குரல் எங்கள் வீட்டைப் பார்த்துப் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது. அப்பா ஏதோ கோபமாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சுவரைப் பார்த்து, "புள்ள எங்க இருக்கா?" என்று கேட்டார்.

"வெளிய நிக்கா. அவளும் நிக்கா. நீ எறக்குலே மொதல்ல."

"எறக்குனா மொத்தமா வந்துரும்ணே. தூணு போச்சு. நீங்களும் அங்கன ஒரு முட்டுக் குடுங்க."

பிறகு அந்தப் பக்கம் எதையோ இழுக்கும் சத்தம்.

"குடுத்தாச்சு. நீ ஒரு அடி அடி. ஒரே ஒரு அடி."

அப்பா ஒரு அடி அடித்தார்.

"நிப்பாட்டு. இப்ப நான் ஒண்ணு அடிக்கேன்."

இப்படியே மாறி மாறி அடித்தார்கள். வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நானும் அம்மாவும் ஒரு பக்கம், அக்காவும் பெரியம்மாவும் இன்னொரு பக்கம் நின்றோம். அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் உத்தரத்தையே பார்த்தார்கள். அப்பா அடித்தால் பெரியம்மா மூச்சை இழுத்தாள். பெரியப்பா அடித்தால் அம்மா இழுத்தாள். உத்தரம் நேராக வந்து நின்றதும் பெரியப்பா சொன்னார்:

"இனிமே இந்தச் செவர வச்சிருந்தா மறுபடி ஏறும். ஒடச்சிருவோமா?"

"ஒடச்சிருவோம்ணே."

அப்பா இந்தப் பக்கமிருந்து கடப்பாரையைப் போட்டார். பெரியப்பா அந்தப் பக்கமிருந்து போட்டார். எழுப்ப இரண்டு நாளானது, உடைக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மண் கட்டி கட்டியாக விழ, உள்ளே பருத்திமார் இருந்த இடத்தில் தேனடைபோல, கடற்பஞ்சுபோல, ஓட்டை ஓட்டையாக ஒரு கூடு. அதை மூடிக்கொண்டு வெள்ளையாகக் கரையான். நடுவில் ஒரு மண் உருண்டை. பெரியப்பா அதை உடைத்து உள்ளிருந்து கட்டைவிரல் பருமனில் ஒன்றை எடுத்தார். மெதுவாக அசைந்தது. "இதுதான் தாய்க் கரையான்" என்று ஓட்டை வழியே கையை நீட்டி எனக்குக் காட்டினார். எனக்காகத்தான் நீட்டினார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஒன்றும் சொல்லாததால் கிட்டே போய்ப் பார்த்தேன். பிறகு பெரியப்பா அதைக் கோழிக்குப் போட்டார். பெரியம்மா பேசிக்கொண்டிருந்த அதே கோழிதான் என்று நினைக்கிறேன்.

இருவரும் தலைமுதல் கால்வரை மண்ணாக நின்றார்கள். அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டாள். அந்தப் பக்கம் பெரியம்மாவும் போட்டிருந்தாள். தம்ளர்களை உடைந்த சுவரின் மேல் வைத்தார்கள். பெரியப்பா கைக்கு எட்டிய தம்ளரை எடுத்துக் குடித்தார். அது எங்கள் வீட்டுத் தம்ளர். அடியில் என் பெயர் வெட்டியிருக்கும், காதுகுத்துக்கு வந்தது. குடித்துவிட்டு அதைத் திருப்பிப் பார்த்தார். பெயரைப் படித்தார்.

"எழுத்து நல்லா பெருசாத்தான் வெட்டியிருக்கான்" என்றார்.

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. இருமினாரா சிரித்தாரா தெரியவில்லை. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுவாரம் தூண் இருந்த இடத்தில் ஒரு கல்தூணை நட்டார்கள். கல்லைக் கரையான் ஒன்றும் செய்யாது. கூட்டை வெட்டியெடுத்த குழியில் சுண்ணாம்பும் மருந்துப் பொடியும் போட்டு இறுக்கினார்கள். தூணுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மிச்சச் சுவரை மண்கல் வைத்து ஏற்றிவிட்டார்கள். ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும் பாக்கி. மழை விட்டதும் அதையும் அடைத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். அடைக்கத்தானே வேண்டும் என்று பெரியப்பாவும் சொன்னார்.

மழை விட்டது. மார்கழி வந்தது. மண் இன்னும் காயவில்லை என்றார் அப்பா. மண் காய்ந்தது. ஆள் கிடைக்கவில்லை என்றார் பெரியப்பா. பெரியம்மாவின் கோழிகள் ஓட்டை வழியாக வந்து எங்கள் அடுப்படியில் முட்டையிட்டன. "எப்பம்தான் இத அடைப்பாவளோ, ஒரு சாமான் கீழ வைக்க முடியல" என்று அம்மா தினமும் சத்தம் போட்டாள். எங்கள் வீட்டுக் கருவாட்டு மணம் வீடு முழுக்க வருகிறது என்று பெரியம்மா குறை சொன்னாள். சொல்லிக்கொண்டே குழம்புக்குக் கிண்ணத்தை நீட்டினாள். அப்பா கடம்பூர்ப் போளி வாங்கிவந்தால் பாதி அந்தப் பக்கம் போனது. அக்கா நினைத்த நேரத்தில் உள்ளே நுழைந்து என் பென்சிலை எடுத்துக்கொண்டு போனாள். எல்லோரும் இவ்வளவு கஷ்டப்படுகிறார்களே, ஒரு ஆள் கிடைக்காமல்தானே இப்படி என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

தை மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்த கொத்தனாரிடம் இடைவேளையில் போய் நின்றேன். "அண்ணாச்சி, எங்க வீட்டுச் செவத்துல பெரிய ஓட்ட. அடைக்க ஆளே கிடைக்கலன்னு எங்க அப்பா ரொம்பக் கஷ்டப்படுதாவ. நீங்க வருவீங்களா?" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் சந்தோஷப்படுவதை ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கரண்டி, தூக்குக்குண்டு, ஒரு சிமெண்ட் மூட்டையோடு சைக்கிளில் வந்து இறங்கினார். நான்தான் கூட்டிவந்தேன் என்று முன்னால் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கொத்தனாரைப் பார்த்தார். ஓட்டைக்குள்ளிருந்து பெரியப்பாவின் தலை எட்டிப் பார்த்தது. அம்மா கையில் கோழி முட்டையோடு நின்றாள்.

"அண்ணாச்சி, எங்கன அடைக்கணும்?" என்றார் கொத்தனார்.

அம்மாதான் முதலில், "இன்னைக்கு ஞாயித்துக்கெழம" என்றாள். "செவ்வா வரைக்கும் நாள் நல்லால்ல" என்றாள் பெரியம்மா அந்தப் பக்கமிருந்து. ஈரம் இன்னும் இருக்கிறதே என்று அப்பா சுவரைத் தடவினார். அதில் தூசிதான் பறந்தது.

கொத்தனார் ஓட்டைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து, பெரியப்பாவைப் பார்த்து, "நீங்கதான் ஒசரம்போல. ஓட்ட வழியா இப்படி வாங்க அண்ணாச்சி" என்றார். பெரியப்பா குனிந்து எங்கள் பக்கம் வந்தார். கொத்தனார் அவரைச் சுவரோடு நிமிர்ந்து நிற்கவைத்து, தலைக்கு மேலே ஒரு சாண் விட்டுக் கரித்துண்டால் கோடு போட்டார். பிறகு அந்தக் கோடு வரைக்கும் சுவரை வெட்டினார். இரண்டு ஓரத்தையும் தூக்குக்குண்டு பிடித்து நேராக்கி, மேலே ஒரு கல் பலகையைக் கொடுத்து, சுற்றிலும் சிமெண்ட் பூசி, கீழே கால் இடறாமல் வழவழவென்று தேய்த்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. அப்பா அவருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தார். மத்தியானம் அவருக்குக் கோழி அடித்துச் சாப்பாடு போட்டார்கள். பெரியம்மா வீட்டுக் கோழி, எங்கள் வீட்டுக் குழம்பு.

எனக்கு அழுகையாக வந்தது. அக்காவை ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் முறையிட்டேன்.

"அடைக்கத்தான கூட்டியாந்தேன்? ஓட்டையப் பெருசாக்கி வச்சிட்டாரு. ஒருத்தர்கூட ஏன்னு கேக்கலக்கா. சோறு வேற போடுதாவ."

அக்கா ஆறாம் வகுப்பு. நன்றாக யோசித்துவிட்டு, "அந்த ஆளுக்கு வேல தெரியாதுட்டி" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. திங்கட்கிழமை இடைவேளையில் நாங்கள் இருவரும் அவர் கட்டிய பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று நடந்தோம். அதிலும் எங்கேயாவது இப்படிச் செய்து வைத்திருப்பார் என்று தேடினோம். வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும், கிணற்றடியிலிருந்து திரும்ப வாசல் வரைக்கும் பார்த்தோம். ஒரு விரல் நுழையக்கூட இடமில்லை. மணி அடித்துவிட்டது. ஒன்றும் புரியாமல் வகுப்புக்குத் திரும்பினோம்.